வீட்டின் வயது

'மராமத்து' என்னும் சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகிறோம். ஏரி மராமத்து, கூரை மராமத்து, பள்ளிவாசல் மராமத்து என்று அது தமிழோடு தமிழாகக் கலந்துவிட்டது. அரபு மொழியில் பிறந்து, பாரசீகத்தின் வழியாகவும் உருதுவின் வழியாகவும் நம்மிடம் வந்து சேர்ந்த சொல் அது. அதன் வேரை ஆராய்ந்தால் வியப்புத் தோன்றும். 'ரம்ம' என்னும் அதே வினை, ஒரு கட்டடத்தைச் செப்பனிடுவதையும் குறிக்கும். எலும்பு மக்கிப்போவதையும் குறிக்கும். யாஸீன் அத்தியாயத்தில் மக்கிய எலும்புகளைச் சுட்டும் 'ரமீம்' என்ற சொல்லும் இவ்வேரில் கிளைத்ததேயாகும். செப்பமும் சிதைவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று அரபு அகராதி சொல்லாமற் சொல்கிறது.

இஃது அகராதிக்காரர்களுக்கு மட்டும் உரிய செய்தியன்று. பழைய வீடொன்றைக் கையிலெடுக்கும் எவரும் எதிர்கொள்ள வேண்டிய கேள்வி இதனுள் அடங்கியிருக்கிறது. பழுது பார்ப்பது எங்கே முடிகிறது? பாழ்படுத்துவது எங்கே தொடங்குகிறது? நன்மை செய்வதாக எண்ணிக்கொண்டே ஒரு பொருளை அழித்துவிட இயலுமா? இக்கேள்வியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஒரு தலைமுறையே கடுமையாக விவாதித்தது. அவ்விவாதத்தின் நடுவில் இரண்டு குடும்ப வீடுகள் நிற்கின்றன. அவற்றின் வரலாறு நாம் அறிந்துகொள்ளத்தக்கது.

நதிக்கரை வீடு

லெச்லேட் என்பது தேம்ஸ் நதியின் மேற்பகுதியில், கரையோரமாக அமைந்த ஒரு சிறு சந்தை நகர். 1792ஆம் ஆண்டு அங்குக் கட்டப்பட்ட பாலத்தை, கடப்போரிடம் வாங்கிய சுங்கத்தை வைத்து 'அரைப்பென்னிப் பாலம்' என்றே இன்றும் அழைக்கின்றனர். அந்நகரிலிருந்து நதியோடு சில மைல் கீழே சென்றால் கெல்ம்ஸ்காட் என்னும் சிற்றூர் வரும். ஊரின் ஓரத்தில், 1600ஆம் ஆண்டையொட்டிச் சாம்பல்நிறக் கல்லால் எழுப்பப்பட்ட பழம்பெரும் பண்ணை வீடொன்று இருக்கிறது. 1871இல் அவ்வீட்டை, ஓவியர் ரொஸெட்டியுடன் சேர்ந்து குத்தகைக்குப் பிடித்தவர் வில்லியம் மோரிஸ்.

மோரிஸ் (1834 - 1896) ஒருவரே பலராக வாழ்ந்தவர். கவிஞர், சாயத் தொட்டியில் கையை முக்கித் தொழில் கற்றவர், நெசவாளர், அச்சுக்கலைஞர், ஐம்பது வயதை நெருங்கும்போது சோஷலிசத்தைத் தழுவித் தெருமுனைகளில் பேசியவர். இயந்திரத் தொழிலானது மலிவான பண்டங்களைக் குவித்ததோடு, அவற்றைச் செய்யும் மனிதனின் மகிழ்ச்சியையும் பறித்துக்கொண்டது என்பது அவர் கொண்ட கருத்து. ஜான் ரஸ்கின் என்னும் பேரறிஞரிடமிருந்து அவர் பெற்ற இக்கருத்தே பின்னர் 'ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ்' எனப்பட்ட கலை - கைத்தொழில் இயக்கமாக வளர்ந்தது. 1887இல் நிறுவப்பட்ட ஒரு கண்காட்சிச் சங்கத்தின் பெயரே இயக்கத்தின் பெயராக நிலைத்தது.

இவ்வியக்கத்தார்க்குக் கலை என்பது அரண்மனைச் சுவரில் தொங்கும் படத்தில் மட்டும் இல்லை. அமரும் நாற்காலியிலும், உண்ணும் கலத்திலும், சன்னலின் கொக்கியிலும் அது இருக்க வேண்டும் என்றனர். ஆகவே குடும்பம் வாழும் வீடே அவர்களுடைய தலையாய படைப்பாயிற்று.

அத்தகைய முதல் வீட்டைத் தமக்கென்றே மோரிஸ் கட்டினார். லண்டனுக்கு ஏறத்தாழப் பத்து மைல் தொலைவில், இன்று பெக்ஸ்லிஹீத் எனப்படும் பகுதியில், 1859 - 60இல் எழுந்த அவ்வீட்டுக்குச் 'சிவப்பு இல்லம்' என்று பொருள்படும் 'ரெட் ஹவுஸ்' என்பது பெயர். வடிவமைத்தவர் அவர் நண்பர் பிலிப் வெப். கவர்ச்சிக்காகப் பூசி மறைக்காத செங்கல், செங்குத்தான ஓட்டுக்கூரை, முற்றத்தில் கூம்புக் கூரையுடன் ஒரு கிணறு. உள்ளே வைப்பதற்குத் தம் மனத்துக்குப் பிடித்த பொருள்கள் கடைகளில் கிடைக்காமையால், நண்பர்கள் கூடித் தாமே சுவரில் தீட்டினர். மோரிஸின் மனைவி ஜேனும் தோழியரும் திரைச்சீலைகளில் பூவேலை செய்தனர். 1861இல் இந்நண்பர் குழுவே வீட்டுப் பொருள்கள் செய்யும் தொழில் நிறுவனமாக மாறிற்று. மோரிஸின் இரு பெண் மக்களும் பிறந்தது அவ்வீட்டில்தான்.

எனினும் அங்கே அவர் வாழ்ந்தது ஐந்தாண்டுகளே. நோயும், நாள்தோறும் லண்டனுக்குச் சென்றுவரும் அலைச்சலும், பொருள் நெருக்கடியும் சேர்ந்து 1865இல் வெளியேறச் செய்தன. அதன் பிறகு அவ்வீட்டை அவர் கண்கொண்டு பார்க்கவே இல்லை என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். ஆசையாகக் கட்டிய வீட்டை இழந்தவனுக்கு, அதில் பிறர் விளக்கேற்றுவதைக் காணும் மனத்திடம் எளிதில் வருவதில்லை.

சுவரைச் சுரண்டியவர்கள்

அக்காலத்தில் இங்கிலாந்தெங்கும் பழைய தேவாலயங்களைப் 'புதுப்பிக்கும்' வேகம் பரவியிருந்தது. புதுப்பித்தல் என்றால் ஒழுகும் கூரையை அடைப்பது மட்டுமன்று. ஒரு கட்டடத்தின் மிகச் சிறந்த காலம் இன்னது என்று கட்டடக் கலைஞர் தீர்மானிப்பார். அதற்குப் பின் வந்த தலைமுறைகள் சேர்த்தவற்றையெல்லாம் இடித்தெறிவார். இடிபட்ட இடத்தில், முற்காலத்தார் இப்படித்தான் கட்டியிருப்பார்கள் என்று தாம் கருதியதைப் புதிதாகக் கட்டி நிரப்புவார். பிரான்சில் வியோலே - லெ - துய்க் என்பார் இக்கொள்கையை அஞ்சாது வெளியிட்டார். ஒரு கட்டடத்தைப் புதுப்பிப்பது என்றால், எந்தக் காலத்திலும் உண்மையில் இருந்திராத ஒரு முழுமையைக்கூட அதற்கு அளிப்பதாகும் என்பது அவர் விளக்கம். ரஸ்கினோ 1849இலேயே இதனை மறுத்துவிட்டார். புதுப்பித்தல் என்பது அழிவின் ஒரு வகை. அழித்ததோடு நில்லாமல், அழித்ததைப் பற்றிப் பொய்யும் சொல்வது என்பது அவர் தீர்ப்பின் சாரம்.

ட்யூக்ஸ்பரி என்பது செவர்ன், ஏவன் என்னும் இரு நதிகள் கூடுமிடத்தில் உள்ள மற்றொரு சந்தை நகர். அங்குள்ள பழம்பெரும் தேவாலயத்தைச் சர் கில்பர்ட் ஸ்காட் புதுப்பிக்கிறார் என்ற செய்தியை 1877 மார்ச்சில் மோரிஸ் படித்தார். உடனே 'அத்தீனியம்' இதழுக்குச் சினம் பொங்க ஒரு கடிதம் விடுத்தார். அதே மாதத்தில் அவரும் வெப்பும் நண்பர்களும் சேர்ந்து பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினர். பழைய சாந்தைச் சுரண்டி எடுப்பதை எதிர்த்ததால், 'சுரண்டல் எதிர்ப்புச் சங்கம்' என்று விளையாட்டாகவும் அதற்குப் பெயர் வழங்கிற்று. தமிழில் இச்சொல்லுக்குள்ள இரு பொருளும் மோரிஸுக்குப் பொருந்துவதைக் காண்க. சுவரைச் சுரண்டுவோரையும் அவர் எதிர்த்தார். தொழிலாளியைச் சுரண்டுவோரையும் எதிர்த்தார்.

சங்கத்தின் கொள்கை எளிமையானது. கட்டடத்தை நாள்தோறும் கவனித்துப் பேணுக. சாய்கின்ற சுவருக்கு முட்டுக் கொடுக்க. ஒழுகுகின்ற கூரையை அடைக்க. செய்த மராமத்து மராமத்தாகவே தெரியட்டும். பழமை வேடம் பூண வேண்டாம். அதற்கு மேலும் அக்கட்டடம் பயன்படாதெனில் வேறொன்று கட்டிக்கொள்க, இருப்பதைத் திரிக்காதீர்.

இது வெறும் அழகியல் பிடிவாதமா? அல்ல என்றே கருதுகிறேன். இதனுள் இரண்டு அறங்கள் உள்ளன. முதலாவது வாய்மை. இன்று செதுக்கிய கல்லை அறுநூறு ஆண்டுப் பழமையுடையது போல் காட்டுவது, கல்லால் சொல்லும் பொய். அப்பொய்யைக் கேட்டபின் பார்ப்பவர் உண்மையான பழங்கல்லையும் ஐயுறுவார். இரண்டாவது நீதி. பெயர் அறியப்படாத ஒரு கல்தச்சன் தன் காலத்தின் கருத்தோடும் கைப்பழக்கத்தோடும் செதுக்கியதை, கூலிக்கு அமர்ந்த மற்றொருவன் பார்த்துச் செதுக்கினால் வடிவம் வரும், கருத்து வாராது. முன்னவன் இறந்துவிட்டதால் தன் வேலைக்காக வாதாட மாட்டான். வாதாட இயலாதவனின் உடைமையை எடுத்து நம் விருப்பம்போல் மாற்றுவதற்கு என்ன பெயர் தருவது? நாம் 'அமானிதம்' என்று சொல்லும் பொறுப்பை, அச்சொல்லை அறியாமலே மோரிஸும் உணர்ந்திருந்தார். பழங்கட்டடங்கள் நமக்குச் சொந்தமானவை அல்ல. பின்வருவோர்க்காக நாம் காவலிருக்கிறோம் என்பதே அவர் வாதத்தின் முதுகெலும்பு.

முழுமையின் விலை

இவ்விடத்தில் ஒரு கம்பளத்தின் கதையையும் சொல்ல வேண்டும். ஈரானில் அர்தபீல் நகரில், ஷைகு ஸபியுத்தீன் அவர்களின் அடக்கத்தலத்தோடு தொடர்புடையதாகக் கூறப்படும் மாபெரும் கம்பளம் அது. ஹிஜ்ரி 946 (கி.பி. 1539 - 40) என்ற ஆண்டும், காஷான் நகரத்து மக்ஸூத் என்பவரின் பெயரும், ஹாபிஸின் ஈரடியும் அதில் நெய்யப்பட்டுள்ளன. 1893இல் லண்டனின் சவுத் கென்ஸிங்டன் அருங்காட்சியகம் அதை வாங்கலாமா என்று ஆலோசித்தபோது, பார்வையிட்டுக் கருத்துக் கூறியவர் மோரிஸ். பாரசீக நெசவை உலகின் உயர்ந்த கலைகளுள் ஒன்றாக மதித்த அவர், அதை வாங்கியே தீரவேண்டும் என்று வலியுறுத்தினார். 2,000 பவுனுக்கு அது வாங்கப்பட்டது. விக்டோரியா - ஆல்பர்ட் அருங்காட்சியகம் எனப் பெயர் மாறிய அதே இடத்தில் இன்றும் உள்ளது.

குறைவற்ற முழுக் கம்பளமாக அது விளங்குவதற்கு ஒரு காரணம் உண்டு. அதற்கு ஓர் இணைக் கம்பளம் இருந்தது. வணிகர்கள் ஒன்றின் சேதத்தைச் செப்பனிட மற்றொன்றிலிருந்து வெட்டி எடுத்தனர். அவ்வாறு வெட்டுண்டு, ஓரக்கரைகளை இழந்து சுருங்கிய இணைக் கம்பளம் இப்போது அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கம்பளம் விற்கப்பட்ட நாளில் இச்செய்தி வெளியில் சொல்லப்படவில்லை. புதுப்பித்தலை வாழ்நாளெல்லாம் எதிர்த்தவர் பாராட்டிய பொருளே அத்தகைய புதுப்பித்தலால் முழுமை பெற்றிருந்தது!

இதைக் கொண்டு மோரிஸை எள்ளுவது சிறுமை. இதிலிருந்து நாம் கற்க வேண்டியது வேறு. கண்ணுக்கு விருந்தாகும் முழுமையைக் காணும்போதெல்லாம், 'இம்முழுமைக்காக எது வெட்டப்பட்டது?' என்று கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும். வெட்டப்பட்டது பெரும்பாலும் வேறோர் ஊரில், யாரும் நோக்காத இடத்தில் கிடக்கும்.

வாழ்வோரின் உரிமை

இவ்வளவும் சொன்னபின் ஒரு வலுவான மறுப்பு எழுகிறது. தேவாலயமும் கம்பளமும் காட்சிக்கும் வழிபாட்டுக்கும் உரியவை. வீடு அப்படியா? வீட்டில் குழந்தை தவழும், முதியவர் இருமுவார், அடுப்புப் புகையும். ஈரம் கசியும் சுவரைத் தொடாதே, அது வரலாறு என்று சொன்னால், அந்த ஈரத்தில் உறங்கும் குழந்தைக்கு யார் பொறுப்பு? இறந்தவரின் கைவண்ணத்தைக் காக்கும் ஆர்வத்தில் உயிரோடிருப்பவரின் நலனை மறக்கலாமா?

இதற்கு விடையைச் சிவப்பு இல்லத்தின் பிற்கால வரலாறே தருகிறது. மோரிஸுக்குப் பின் அவ்வீடு பலர் கைக்கு மாறிற்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரசு அலுவலகமாகவும் பயன்பட்டது. 1952இல் எட்வர்ட் ஹாலம்பி என்னும் கட்டடக் கலைஞரும் அவர் மனைவி டோரிஸும், நண்பர் குடும்பமொன்றுடன் சேர்ந்து அதை வாங்கினர். பொது மக்களுக்கான குடியிருப்புகளை வடிவமைப்பதே ஹாலம்பியின் அரசுப் பணி. செல்வராக இல்லாத அவர்கள் விடுமுறை நாட்களில் தம் கையாலேயே வீட்டைச் செப்பனிட்டனர். அங்கேயே பிள்ளைகளை வளர்த்தனர். காண வந்தோர்க்கு வீட்டைத் திறந்தும் காட்டினர். 1999இல் ஹாலம்பி மறையும் வரை, ஏறத்தாழ அரை நூற்றாண்டு, அவ்வீடு மீண்டும் ஒரு குடும்பத்தின் வீடாக விளங்கிற்று. மோரிஸ் வாழ்ந்த ஐந்தாண்டோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த வீடு யாருடையது? கட்டியவருடையதா, காத்தவருடையதா? 2003இல் நேஷனல் டிரஸ்ட் என்னும் அறக்கட்டளை அதனைப் பொறுப்பேற்றபோது, 1860இன் வீட்டைக் காட்டுவதா, இடையில் வாழ்ந்தோரின் வீட்டையும் காட்டுவதா என்ற கேள்வி தவிர்க்க இயலாததாயிற்று.

அவ்வீட்டின் விதானங்களில் ஒரு நுட்பம் உண்டு. சாந்து ஈரமாயிருந்த காலத்திலேயே, கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல், சித்திர வடிவைச் சிறு துளைகளாகக் குத்தி வைத்தனர். வண்ணம் மங்கினாலும் புள்ளிகள் மங்கா. பின்னொரு நாள் எவரும் அவற்றைத் தொடர்ந்து மீண்டும் தீட்டலாம். இந்தத் துளைகளை எண்ணுந்தோறும் என் மனம் நெகிழ்கிறது. கட்டியவர்களே, தமக்குப் பின் வரும் முகமறியாத கைகளுக்கு இடம் விட்டிருக்கின்றனர். அழைப்போடு விடப்பட்ட இடத்தில் தொடர்வது பொய்யாகாது. அழைப்பில்லாத இடத்தில் ஊகித்து நிரப்புவதுதான் பொய்யாகும்.

மற்றொரு செய்தியும் காண்க. மோரிஸின் படுக்கையறைச் சுவரில், சுவரோடு பொருத்திய பெரிய அலமாரிக்குப் பின்னால் ஒன்றிரண்டு உருவங்கள் மங்கலாகத் தெரிந்துவந்தன. வண்ணப்பூச்சும் சுவர்க் காகிதமும் அடுக்கடுக்காக மூடியிருந்த அச்சுவரை நிபுணர்கள் பொறுமையாக ஆராய்ந்தனர். பைபிளில் வரும் மாந்தரை ஏறக்குறைய ஆளுயரத்தில் தீட்டிய சித்திரம் சுவர் முழுதும் இருந்தது 2013இல் வெளிப்பட்டது. மோரிஸும் அவருடைய நண்பர்களும் இளமையில் கூடித் தீட்டியது அது என்பது அறிஞர் துணிபு. இடையில் வந்த யாரேனும் 'சுத்தமாக்குகிறேன்' என்று சுவரைச் சுரண்டியிருந்தால் அனைத்தும் போயிருக்கும். இரசனையற்றவர் பூசிய பூச்சு என்று நாம் இகழக்கூடியதே அதற்குப் போர்வையாய் இருந்தது. அந்தப் போர்வையை அகற்றியதிலும் ஒரு தலைமுறையின் சுவடு நீங்கிற்று என்பதையும் மறைக்கலாகாது. எதையும் இழக்காமல் எதையும் மீட்க இயலாது. இழப்பதை அறிந்து, அளந்து இழப்பதே நாம் செய்யக்கூடியது.

உம்ரும் இமாரத்தும்

கெல்ம்ஸ்காட் வீட்டின் முடிவு வேறு விதமானது. 1896இல் மோரிஸ் இறந்தபோது, உடல் லெச்லேட் ரயில் நிலையம் வரை வந்து, அங்கிருந்து திறந்த வைக்கோல் வண்டியில் கெல்ம்ஸ்காட்டுக்குச் சென்று அடக்கமாயிற்று. மனைவி ஜேன் 1913இல் வீட்டை விலைக்கு வாங்கினார். இளைய மகள் மே, சிறந்த பூவேலைக் கலைஞர், 1938இல் இறக்கும்வரை அங்கு வாழ்ந்தார். உள்ளிருக்கும் பொருள்கள் காக்கப்பட வேண்டும். மக்கள் வந்து காண வேண்டும் என்ற நிபந்தனைகளோடு ஆக்ஸ்போர்டு பல்கலைக் கழகத்துக்கு அதை எழுதி வைத்தார். வக்பு செய்தவரின் நிபந்தனையை நிறைவேற்றுவது எத்துணைக் கடினம் என்பதை நம் முத்தவல்லிகள் அறிவர். ஒரு வீட்டைக் காட்சிப் பொருளாகவே வைத்துக் காப்பதில் பல்கலைக் கழகத்துக்கு விருப்பமில்லை. 1962இல் அது 'சொஸைட்டி ஆஃப் ஆன்டிகுவரீஸ்' என்னும் தொல்பொருள் ஆய்வோர் சங்கத்தின் கைக்கு வந்தது. சிதைந்திருந்த வீட்டை 1960களில் அச்சங்கம் செப்பனிட்டது. அண்மையிலும் பெரிய அளவில் மராமத்து நடந்து, 2022இல் மீண்டும் திறக்கப்பட்டது. சுவர் உறுதியாயிற்று; கூரை ஒழுகவில்லை; காண்போர் திரளாக வருகின்றனர். ஆனால் மாலையில் கதவைப் பூட்டியபின் அது எந்தக் குடும்பத்துக்கும் வீடன்று.

இங்கே அரபு மொழியின் மற்றொரு வேர் நினைவுக்கு வருகிறது. 'இமாரத்' என்றால் கட்டடம். 'உம்ர்' என்றால் வயது, வாழ்நாள். இரண்டும் ஒரே வேர். மக்கள் குடியிருந்து செழிக்கும் இடம் 'மஃமூர்'. மனித சமுதாய வாழ்வை ஆராயும் தம் புதிய துறைக்கு இப்னு கல்தூன் இட்ட பெயரும் 'உம்ரான்' என்பதே. சுவரை எழுப்பினால் மட்டும் இமாரத் ஆகாது. அதனுள் ஓர் உயிரின் நாட்கள் கழிய வேண்டும் என்ற குறிப்பு இச்சொல்லிலேயே இருக்கிறது. ஆகவே ஒரு வீட்டின் வயதைக் கணக்கிட, கட்டிய ஆண்டு போதாது. அதனுள் வாழ்ந்தோரின் வாழ்நாட்களையும் கூட்டிச் சொல்ல வேண்டும். அவற்றுள் சிலவற்றைத் துடைத்துவிட்டுக் கட்டிய நாளுக்கே அதைத் திருப்பி அனுப்புவது, வயது முதிர்ந்த ஒருவரின் நடுத்தர வயதை அழித்துவிட்டு, 'இதோ உன் இளமை' என்று நீட்டுவது போன்றதாகும்.

தந்தை கட்டிய வீட்டை மராமத்துச் செய்யும் பொறுப்பு எவர்க்கும் ஒரு நாள் வரும். அப்போது கைக்கொள்ளத்தக்க அளவுகோல்கள் இவ்வரலாற்றிலிருந்து கிடைக்கின்றன என நினைக்கிறேன். வாழ்வோரின் உடல்நலத்துக்குக் கேடானதை மாற்றுவது கடமை. அதில் தயக்கம் வேண்டியதில்லை. மாற்றியதை மாற்றியதாகவே விட்டுவிடுவது வாய்மை. எடுத்தெறியும் முன், இதைச் சேர்த்தவர் யார், எதற்காகச் சேர்த்தார் என்று ஒரு முறை கேட்பது நீதி. பாட்டி உரல் போட்டிருந்த இடமும், தந்தையின் மருந்து அலமாரியும், அழகில்லாமற் பின்னர் சேர்த்த தாழ்வாரமும் இக்கேள்விக்கு உரியவையே. கேட்டபின் எடுத்தெறிய நேர்ந்தாலும் குற்றமில்லை. கேளாமல் எறிவதே குற்றம்.

மோரிஸின் கனவு ஒரு வகையில் தோற்றது. கையால் செய்த அழகிய பொருள்களைச் செல்வர் மட்டுமே வாங்க முடிகிறதே என்று அவரே நொந்துகொண்டார். அவருடைய இரு வீடுகளும் இன்று சீட்டு வாங்கிக் காணும் இடங்களாகிவிட்டன. ஆயினும் சிவப்பு இல்லத்தின் விதானத்தில் அந்தச் சிறு துளைகள் உள்ளன. வண்ணம் மங்கும் என்பதைத் தெரிந்தே, தீட்டப் போகிற அடுத்த கையை நம்பி, இளைஞர் சிலர் ஈரச் சாந்தில் அவற்றைக் குத்தி வைத்தார்கள். பிள்ளைகளுக்கு வீடு விட்டுச் செல்வோர் விட்டுச் செல்லத்தக்கது அத்தகைய நம்பிக்கையே.